அமிலம் போன பிறகு மிச்சம் இருப்பது



அமிலம், காரம், அவற்றின் இணைகள் என்று அழைப்பிதழில் பார்த்த பிறகும் மயிலாப்பூரில் ஒரு சாயங்கால வேளையில் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். கச்சேரி என்று நினைத்து யாராவது வந்திருந்தால் அவர்களுக்கும் ஒரு ஆறுதல் வைத்திருக்கிறேன். மிருதங்கத்திலிருந்துதான் ஆரம்பிக்கப் போகிறேன்.

மிருதங்கத்தில் கட்டியிருப்பது பதனிடாத தோல். நனைத்தால் இளகும், காய்ந்தால் விறைக்கும். ஈரத்திலேயே விட்டுவிட்டால் அழுகும். வெந்நீரில் போட்டால் அறுபது அறுபத்தைந்து டிகிரியிலேயே சுருண்டு பசையாகத் தொடங்கும். நீங்கள் பாண்டி பஜாரில் வாங்கி இடுப்பில் கட்டியிருக்கும் பெல்ட்டும் மாட்டுத் தோல்தான். ஆனால் அது அழுகுவதில்லை. நன்றாகக் குரோமியத்தில் பதனிட்ட தோலை இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்தாலும் சுருங்காது. தொழிற்சாலையில் தினமும் செய்கிற சோதனை அது. இந்த இரண்டு தோல்களுக்கும் நடுவே இருப்பது ஒரு நீண்ட பிஎச் பயணம். பன்னிரண்டரையில் கிளம்பி, எட்டில் நின்று, மூன்றுக்கு இறங்கி, மறுபடி நான்குக்கு ஏறுகிற பயணம். அமில-கார வேதியியலைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

அந்தப் பாடத்தைப் படிக்க நாம் வெகுதூரம் போகவும் வேண்டாம். அடையாற்றில், சர்தார் பட்டேல் சாலையில், மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1948இல் தொடங்கியது. அந்தச் சாலையில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது ஒரு நிறுத்தத்தின் பெயர், அவ்வளவுதான். குண்டூர்ப் பக்கத்துக்காரரான நாயுடம்மா 1958 முதல் 1971 வரை அதன் இயக்குநராக இருந்தார். பிறகு டெல்லிக்குப் போய் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழுவின் தலைமை இயக்குநரானார். 1985 ஜூன் 23 அன்று கனிஷ்கா விமானம் அட்லாண்டிக் கடலின் மேல் வெடித்துச் சிதறியபோது அதில் இருந்தவர்களில் அவரும் ஒருவர். தோல் என்றாலே மூக்கைப் பிடித்துக்கொண்டு, அதில் வேலை செய்கிறவர்களை ஊருக்கு வெளியே நிறுத்திவைத்த ஒரு சமூகத்தில், அதைப் பல்கலைக்கழகப் பாடமாகவும் ஏற்றுமதித் தொழிலாகவும் மாற்றியவர்களில் அவருக்குப் பெரிய இடம் உண்டு.

பக்கத்திலேயே இன்னொரு கதை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் இயற்பியல் துறையில் இருந்த ஜி.என். ராமச்சந்திரன், தோலின் அடிப்படைப் புரதமான கொலாஜனின் அமைப்பைத் தேடியபோது, கங்காருவின் வால் தசைநாணிலிருந்து எடுத்த கொலாஜன் மாதிரி அவருக்கு இந்தத் தோல் நிறுவனத்திலிருந்துதான் கிடைத்தது. 1954இல் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் மூன்று இழைகள் முறுக்கிய வடிவத்தை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். உலகத்தின் பாடப்புத்தகங்களில் இருக்கிற ஒரு படம், அடையாற்றுக்கும் கிண்டிக்கும் நடுவே நடந்துபோகிற தூரத்தில் பிறந்தது. இதைச் சொல்ல எனக்கு எப்போதும் கொஞ்சம் கர்வம்தான்.

சரி, பாடத்துக்கு வருவோம்.

1909இல் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் என்கிற பீர் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் சோரன்சன் என்பவர் பிஎச் என்ற அளவைக் கொண்டுவந்தார். ஒரு கரைசலில் ஹைட்ரஜன் அயனி எவ்வளவு இருக்கிறது என்பதை மடக்கை அளவில் சொல்கிற எண் அது. எண் ஒன்று குறைந்தால் அயனி பத்து மடங்கு கூடியிருக்கிறது என்று பொருள். 25 டிகிரியில் தூய நீருக்கு ஏழு. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். இதுவரை உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

1923இல் கோபன்ஹேகனில் பிரான்ஸ்டெட், இங்கிலாந்தில் லௌரி, இருவரும் தனித்தனியாக ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். அமிலம் என்பது புரோட்டானைக் கொடுப்பது, காரம் என்பது அதை வாங்கிக்கொள்வது. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். புரோட்டானைக் கொடுத்த அமிலம் மறைந்துபோவதில்லை. கொடுத்த பிறகு மிச்சம் இருப்பது, அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளக்கூடிய ஒரு பொருள். அதாவது ஒரு காரம். அதைத்தான் அந்த அமிலத்தின் இணைக் காரம் என்கிறோம். கடன் கொடுத்தவர் கொடுத்த நிமிஷத்திலிருந்து வசூலிக்கக் காத்திருப்பவர் ஆகிவிடுவதைப் போல. அதேபோல் காரம் ஒரு புரோட்டானை வாங்கிக்கொண்டால் அது இணை அமிலமாகிறது.

எவ்வளவு தாராளமாகக் கொடுக்கிறதோ அவ்வளவு வசூலில் அசட்டை. ஹைட்ரோகுளோரிக் அமிலம் தன் புரோட்டானை முழுவதுமாகக் கொடுத்துவிடும். அதனால் அதன் இணையான குளோரைடு தண்ணீரில் சும்மா மிதக்கும், எதையும் திரும்பக் கேட்காது. அசெட்டிக், ஃபார்மிக் போன்ற வலுக்குறைந்த அமிலங்கள் அரைமனத்தோடு கொடுக்கின்றன. அவற்றின் இணைகளான அசெட்டேட்டும் ஃபார்மேட்டும் வாய்ப்புக் கிடைத்தால் புரோட்டானைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும். கணக்காகவே சொன்னால், ஓர் அமிலத்தின் வலுவைச் சொல்லும் எண்ணான பிகேஏ, அதன் இணைக் காரத்தின் வலுவைச் சொல்லும் எண்ணான பிகேபி, இரண்டையும் கூட்டினால் 25 டிகிரியில் பதினான்கு வரும். ஒன்று ஏறினால் மற்றது இறங்க வேண்டும்.

இங்கேதான் நம் பள்ளிக்கூடப் பாடம் ஒரு பொய்யைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும், உப்பு என்றால் நடுநிலை, முடிந்தது கதை. அப்படி இல்லை. மூன்று வெள்ளைப் பொடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு உப்பு, நவச்சாரம், ஆப்பசோடா. மூன்றும் வேதியியலில் உப்புகள்தான். சாப்பாட்டு உப்பைத் தண்ணீரில் கரைத்தால் பிஎச் ஏழிலேயே நிற்கும். ஆப்பசோடா எட்டுக்குச் சற்று மேலே ஏற்றும், ஏனென்றால் அதில் இருக்கும் பைகார்பனேட், கார்பானிக் அமிலத்தின் இணைக் காரம். நவச்சாரம், அதாவது அம்மோனியம் குளோரைடு, கரைசலை ஐந்துக்குப் பக்கத்தில் இறக்கிவிடும். அம்மோனியம் என்பது அம்மோனியாவின் இணை அமிலம். பழைய மயிலாப்பூர்த் தெருக்களில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருபவர், காய்ந்த பாத்திரத்தில் நவச்சாரத்தைத் தூவுவார், புகை கிளம்பும், உலோகத்தின் மேலிருக்கும் களிம்பு கழன்று வரும். அந்த வேலையைச் செய்தது நவச்சாரத்துக்குள் இருக்கும் அமிலத்தனம்தான்.

ஆக, கரைசலில் எந்த அமிலத்தை ஊற்றினோம், எந்தக் காரத்தைப் போட்டோம் என்பதோடு கணக்கு முடிவதில்லை. அவை வினைபுரிந்த பிறகு என்ன மிச்சம் இருக்கிறது, அந்த மிச்சம் என்ன செய்கிறது என்பதுதான் பிஎச்சைத் தீர்மானிக்கிறது. இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். மீதி நேரம் முழுக்க இதற்கான சாட்சியம்.

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்தில் தோல் ஷாப் என்று சொல்கிற இடத்துக்குள் போவோம். பச்சைத் தோல் உப்புத் தடவி வருகிறது. கழுவி ஊறவைத்த பிறகு முதல் வேலை, சுண்ணாம்பு போடுவது. முடியைக் கழற்றவும் நார்களைத் தளர்த்தவும் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும். சுண்ணாம்பில் ஒரு அழகு உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரில் அது இரண்டு கிராம்கூடக் கரையாது. எவ்வளவு அள்ளிப் போட்டாலும் பிஎச் பன்னிரண்டரையைத் தாண்டாது. கரைந்தது செலவானால் அடியில் கிடப்பதிலிருந்து கொஞ்சம் கரைந்து ஈடுகட்டும். காஸ்டிக் சோடாவைப் போல எல்லை மீறித் தோலைக் கரைத்துவிடுகிற அபாயம் குறைவு. படிக்காத மனிதர்கள் பல நூற்றாண்டுகளாகச் சுண்ணாம்பைத் தேர்ந்தெடுத்ததற்குப் பின்னால் நல்ல வேதியியல் இருக்கிறது.

அடுத்தது அந்தச் சுண்ணாம்பை வெளியே எடுப்பது. கணக்குப் போட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றிவிடலாமே என்று தோன்றும். ஊற்றினால் தோலின் மேற்பரப்பு அமிலத்தில் வீங்கிக் கெடும், நடுப்பகுதி இன்னும் பன்னிரண்டிலேயே இருக்கும். அதனால் அம்மோனியம் உப்பைப் போடுகிறார்கள், நம்முடைய நவச்சாரம் அல்லது அம்மோனியம் சல்ஃபேட். அம்மோனியம் தன் புரோட்டானைச் சுண்ணாம்புக்குக் கொடுத்து அம்மோனியாவாகிறது. இப்போது தோல் சுழலும் டிரம்முக்குள் அமிலமும் அதன் இணைக் காரமும் ஒன்றாக இருக்கின்றன. இப்படி இணை இரண்டும் சேர்ந்திருக்கிற கரைசலைத்தான் தாங்கல் கரைசல் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அம்மோனியத்தின் பிகேஏ ஒன்பதேகால். அதனால் கரைசல் எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில் தானாக வந்து நிற்கிறது. கொஞ்சம் கூடுதலாகப் போட்டாலும், சற்றுக் குறைத்துப் போட்டாலும் பெரிய மாற்றம் வராது. 

தாங்கலின் பலத்தை ஓர் எண்ணால் காட்டுகிறேன். ஒரு லிட்டர் தூய நீரில் 0.01 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் பிஎச் ஏழிலிருந்து இரண்டுக்கு விழும். அதே அளவை, 0.1 மோல் ஃபார்மிக் அமிலமும் 0.1 மோல் சோடியம் ஃபார்மேட்டும் கலந்த ஒரு லிட்டரில் விட்டால், 3.75 என்பது 3.66 ஆகும். ஐந்து எங்கே, பத்தில் ஒரு பங்கு எங்கே! வந்த புரோட்டானை ஃபார்மேட் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான் நடந்தது. இதை எழுதி வைக்கிற சமன்பாட்டுக்கு ஹெண்டர்சன், ஹேசல்பாக் என்று இரண்டு பேரின் பெயர் இருக்கிறது. இருவரும் யோசித்தது தோலைப் பற்றி அல்ல, ரத்தத்தைப் பற்றி.

எட்டுக்கும் எட்டரைக்கும் நடுவே தோலை நிறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கட்டத்தில்தான் நொதிகளைப் போட்டுத் தேவையில்லாத புரதங்களைக் கரைக்கிறார்கள். கணையத்திலிருந்து எடுக்கும் நொதிக்கு இந்தப் பிஎச்தான் வசதி. 1907வாக்கில் ஓட்டோ ரோம் என்ற ஜெர்மானியர் அந்த நொதியை விற்பனைக்குக் கொண்டுவரும் வரை பல நாடுகளில் இந்த வேலைக்குப் பயன்பட்டது நாய் மலமும் புறா எச்சமும். லண்டன் தெருக்களில் நாய் மலம் பொறுக்கித் தோல் பதனிடுகிறவர்களுக்கு விற்றுப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். நம் ஊர்க் குழிகளைப் பார்த்து மூக்கைப் பிடித்த வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊரில் எப்படிச் சமாளித்தார்களோ!

சுண்ணாம்பு முழுவதும் போய்விட்டதா என்று பார்க்கத் தோலின் தடித்த இடத்தில் ஒரு வெட்டு வெட்டி, அந்த வெட்டு முகத்தில் ஃபீனால்ப்தலீன் ஒரு சொட்டு விடுவார்கள். இளஞ்சிவப்பாக மாறினால் உள்ளே இன்னும் காரம் இருக்கிறது. இந்தச் சோதனை உங்கள் எல்லோருக்கும் வேறு வடிவத்தில் தெரியும். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்து ஆரத்தி கரைக்கிறீர்களே, அது சிவப்பதும் இதே வேதியியல்தான். மஞ்சளில் உள்ள குர்குமின் ஒரு வலுக்குறைந்த அமிலம். சுண்ணாம்பு அதன் புரோட்டானைப் பறித்துக்கொள்ளும்போது மிச்சம் இருக்கிற இணைக் காரத்தின் நிறம் சிவப்பு. எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சள். நிறங்காட்டிகள் எல்லாமே இப்படித்தான். அமிலத்துக்கு ஒரு நிறம், அதன் இணைக்கு வேறு நிறம்.

இனி பதனிடும் கட்டம். சற்று நின்று பார்க்க வேண்டிய இடம் இது.

குரோமியம் உப்பு தோலின் நார்களைப் பிணைக்க வேண்டும். கொலாஜனின் பக்கவாட்டில் தொங்கும் கார்பாக்சில் தொகுதிகளில்தான் அது பிடித்துக்கொள்ளும். ஒரு நிபந்தனை, அந்தத் தொகுதி புரோட்டானை இழந்து இணைக் கார வடிவத்தில் இருக்க வேண்டும். சுண்ணாம்பு நீக்கிய தோலில் அவை அப்படித்தான் இருக்கின்றன. அப்படியே குரோமியத்தைப் போட்டால் என்ன ஆகும்? மேற்பரப்பில் முதலில் எதிர்ப்படும் தொகுதிகளிலேயே எல்லாம் பிடித்துக்கொள்ளும். வெளியே முரட்டுத் தோல், உள்ளே பச்சை. அதனால் முதலில் கந்தக அமிலம் விட்டுப் பிஎச்சை மூன்றுக்குக் கீழே இறக்குகிறார்கள். தொழிலில் இதற்குப் பிக்கிள் என்று பெயர். இப்போது கார்பாக்சில் எல்லாம் புரோட்டானை அணிந்துகொண்டு கதவைச் சாத்திக்கொள்கின்றன. குரோமியம் யாரிடமும் மாட்டாமல் தோலின் நடுவரைக்கும் போய்ச் சேருகிறது.

நடு வரை போய்விட்டதா என்று வெட்டிப் பார்க்கலாம், வெட்டு முகம் முழுக்க நீலம் ஏறியிருக்கும். பிறகு ஆப்பசோடாவைத் தண்ணீரில் கரைத்து, மூன்று நான்கு தவணையாக, இடைவெளி விட்டு டிரம்முக்குள் ஊற்றுகிறார்கள். பிஎச் மெதுவாக மூன்றே முக்காலுக்கும் நான்குக்கும் நடுவே ஏறி நிற்கிறது. கார்பாக்சில் தொகுதிகள் புரோட்டானை விடுகின்றன, ஏற்கனவே பக்கத்தில் காத்திருக்கும் குரோமியம் பிடித்துக்கொள்கிறது. ஒரே தொகுதியை அமிலமாக வைத்திருந்து ஒரு வேலை, அதன் இணைக் காரமாக மாற்றி அடுத்த வேலை. பிஎச் என்ற ஒரே திருகாணியால் இதைச் செய்கிறார்கள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. தண்ணீரில் கரைந்த குரோமிய அயனியே ஓர் அமிலம். தன்னைச் சுற்றியிருக்கும் நீர் மூலக்கூறுகளிலிருந்து புரோட்டானை வெளியே தள்ளும், அதன் பிகேஏ நான்குக்குப் பக்கம். பிஎச்சை வேகமாக ஏற்றினால் அது புரோட்டான்களை வரிசையாக இழந்து பச்சை நிற ஹைட்ராக்சைடாகத் தோலின் மேல் படிந்துவிடும். தோல் திட்டுத்திட்டாகும், ஒரு டிரம் சரக்கும் வீண். அதனால்தான் காஸ்டிக் சோடா கூடாது, ஆப்பசோடா. அதனால்தான் தவணை. கூடவே சிறிது சோடியம் ஃபார்மேட்டும் சேர்ப்பார்கள். அது குரோமியத்தோடு தற்காலிகமாக ஒட்டிக்கொண்டு அவசரப்பட விடாது, பிஎச்சையும் தாங்கும்.

குரோமியத்துக்கு முந்தைய காலத்தில் மதராஸ் தோல் என்று லண்டன் சந்தையில் பெயர் வாங்கியது ஆவாரம்பட்டையில் ஊறி, கடுக்காயில் முடிந்த தோல். குழியில் கடுக்காயின் சர்க்கரை புளித்து அமிலமாகும். அந்த அமிலமும் அதன் உப்பும் சேர்ந்து தாங்கலாக நிற்கும். நம் முன்னோர்களுக்கு எல்லாம் தெரியும் என்று சொல்ல வரவில்லை, பிரான்ஸ்டெட்டை அவர்களுக்குத் தெரியாது. ஆனால் குழி எந்தப் பக்குவத்தில் இருக்கிறது என்பது அவர்களுக்குக் கையால் தொட்டே தெரியும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலப் பொறியாளர் ஆல்பிரட் சாட்டர்டன் மதராஸ் கலைப் பள்ளியில் குரோமியப் பதனிடலைச் சோதித்தார். பிறகு வந்த குரோம் லெதர் கம்பெனியின் பெயர்தான் இன்று லட்சம் பேர் வாய்க்குள் புழங்கும் குரோம்பேட்டை.

முடிந்த தோலிலும் ஒரு பரிசோதனை உண்டு. மாணவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான். தோலைத் தண்ணீரில் ஊறவைத்து அந்தச் சாற்றின் பிஎச்சை அளக்கிறார்கள். 3.5 வந்தது என்று வையுங்கள். நல்லதா கெட்டதா? அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வலுக்குறைந்த அமிலம் நிறைய இருந்தாலும் 3.5 வரும், கந்தக அமிலம் கொஞ்சம் தங்கிவிட்டாலும் 3.5 வரும். முந்தையது பெரிய தீங்கில்லை. பிந்தையது சில வருஷங்களில் தோலை அரித்துப் பொடியாக்கிவிடும். பழைய புத்தகங்களின் தோல் அட்டை செம்மண்ணாக உதிர்வதை மயிலாப்பூர் நூலகங்களில் பார்த்திருப்பீர்கள். காற்றிலிருந்தும் செய்முறையிலிருந்தும் வந்து சேர்ந்த கந்தக அமிலத்துக்கு அதில் முக்கியப் பங்கு உண்டு.

எப்படிப் பிரித்தறிவது? சாற்றைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி அளக்கிறார்கள். வலுவான அமிலம் என்றால் பிஎச் கிட்டத்தட்ட ஒன்று ஏறும். வலுக்குறைந்த அமிலம் மட்டும் என்றால் அரை ஏறும், ஏனென்றால் இன்னும் பிரியாமல் இருக்கும் மூலக்கூறுகள் இப்போது பிரிந்து ஈடுகட்டும். அதன் இணையும் கூடவே இருந்தால் ஏறுவது அதைவிடக் குறைவு. இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம் 0.7ஐத் தாண்டினால் தோலில் வலுவான அமிலம் தங்கியிருக்கிறது என்று தீர்ப்பு. விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், ஒரு பிஎச் மீட்டரும் கொஞ்சம் தண்ணீரும் போதும். ஒரே பிஎச் காட்டும் இரண்டு கரைசல்கள் ஒன்றாகாது என்பதை இத்தனை சிக்கனமாகக் காட்டும் சோதனை வேறு எனக்குத் தெரியாது.

இனி கசப்பான பகுதி.

சுண்ணாம்புத் தொட்டியில் போட்ட சல்ஃபைடை விட்டுவிட்டு வந்தோம். பிஎச் பன்னிரண்டில் அது ஹைட்ரஜன் சல்ஃபைடின் இணைக் காரமாகத் தண்ணீருக்குள் அடங்கியிருக்கிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடின் பிகேஏ ஏழு. ஏழில் பாதி வாயுவாகத் தயார், ஐந்தில் கிட்டத்தட்ட முழுவதும். சுண்ணாம்புக் கழிவும் பிக்கிள் கழிவும் ஒரே வாய்க்காலில், ஒரே தொட்டியில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அழுகிய முட்டை நாற்றம் என்பார்கள். ஆனால் வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவர் மயங்கினார், காப்பாற்ற இறங்கியவரும் இறந்தார் என்று செய்தித்தாளில் மூன்று வரி வரும், விஷவாயு தாக்கி என்று தலைப்பு வரும். அந்த வாயு எங்கிருந்தோ வந்து தாக்கவில்லை. எந்தப் பிஎச்சில் எவ்வளவு வாயு கிளம்பும் என்பது கல்லூரி மாணவர் போடுகிற கணக்கு. தெரிந்த கணக்கைப் போடாமல் மனிதரை இறக்குவதற்கு விபத்து என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது, இந்தக் கழிவு போய்ச் சேரும் பாலாறு. பிக்கிள் செய்யும்போது கந்தக அமிலத்தை மட்டும் விட்டால் தோல் அமிலத்தில் ஊதிவிடும். அதைத் தடுக்கத் தோலின் எடையில் எட்டு முதல் பத்து சதவீதம் சாப்பாட்டு உப்பைப் போடுகிறார்கள். பச்சைத் தோலைக் காக்கத் தடவிய உப்பு வேறு. எல்லாம் கழிவு நீரில் சேருகிறது. கழிவின் பிஎச்சைச் சரிசெய்வது பெரிய வித்தை அல்ல. அமிலக் கழிவில் சுண்ணாம்பைப் போட்டால் ஏழு, எட்டு என்று கொண்டுவந்துவிடலாம். மீட்டர் நல்ல எண்ணைக் காட்டும். ஆனால் போன அமிலத்தின் இணை எங்கே போகும்? போட்ட உப்பின் குளோரைடு முழுவதும், அமிலத்தின் சல்ஃபேட்டில் கணிசமான பங்கும் தண்ணீரிலேயே நிற்கின்றன. வலுவான அமிலங்களின் இணைகள் அல்லவா, புரோட்டானைத் திரும்பக் கேட்காது, பிஎச் மீட்டர் கண்ணுக்கும் படாது. கிணற்றுக்குள் மட்டும் போய்ச் சேரும்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் பட்டறைகள் இருக்கும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டது என்று தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கண்டதை அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொல்கிறது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அதில் அழுத்தமாகச் சொன்னார்கள். ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். ஒரு கிணற்றின் விலைகூட இல்லை. 2025 ஜனவரியில் அதே வேலூர்த் தோல் கழிவு மறுபடி உச்ச நீதிமன்றத்தின் முன் வந்து, இழப்பீடு கொடுக்கவும் கண்காணிப்புக் குழு அமைக்கவும் உத்தரவானது. நடுவே கிட்டத்தட்ட முப்பது வருஷம். இடைப்பட்ட காலத்தில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, சவ்வூடு வடிகட்டல் வந்தது. தண்ணீரைப் பிரித்து எடுத்தார்கள், உப்பு மூட்டைகளாகக் கொட்டகைகளில் குவிந்தது. கலப்பு உப்பை வாங்க ஆள் இல்லை.

அமிலத்தைக் காரத்தால் வெல்லலாம். உப்பை வெல்ல வேதியியலில் எதிரி கிடையாது. அதைப் போடாமல் இருப்பது ஒன்றுதான் வழி. அடையாற்று நிறுவனம் அந்தத் திசையில் யோசித்தது. தண்ணீர் விடாமல் குரோமியத்தை ஏற்றும் முறை ஒன்றை அவர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். அதில் பதனிடலுக்கு முந்தைய பிக்கிளும் இல்லை, பிந்தைய ஆப்பசோடாத் தவணையும் இல்லை. மூன்றுக்கு இறக்கி நான்குக்கு ஏற்றுவதற்குப் பதிலாகப் பொருத்தமான பிஎச்சிலேயே வேலையை முடித்துவிடுகிற யோசனை. அமிலம் போடாவிட்டால் அதன் இணை மிஞ்சாது, வீக்கம் இல்லாவிட்டால் அந்த உப்பும் வேண்டாம். நூறு வருஷமாக எல்லோரும் செய்த இரண்டு கட்டங்களைத் தேவையா என்று கேட்டதே பெரிய காரியம். பச்சைத் தோலில் தடவிவருகிற உப்பு இன்னும் பாக்கி இருக்கிறது, அதை மறந்துவிடக் கூடாது.

இந்த அவையில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடையாறு, மயிலாப்பூர், தி.நகர் ஃபிளாட்டுகளில் போர்வெல் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்த உப்பின் அளவு, எவ்வளவு என்பது வாட்ச்மேனுக்கும் அத்துப்படி. ஐநூறைத் தாண்டினால் ஆர்ஓ மெஷினைத் தேடுகிறோம். ஒரு தொழிற்சாலையின் கழிவு நீர் அறிக்கை பத்திரிகையில் வரும்போது மட்டும் பிஎச் ஏழு என்ற வரியோடு திருப்தியாகிவிடுகிறோம். ஆற்றில் விடும் கழிவு நீருக்குத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்த எல்லை பிஎச்சுக்கு 5.5 முதல் 9 வரை, கரைந்த உப்புக்கு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். அடுத்த முறை முதல் எண்ணைப் பார்த்ததும் இரண்டாவது எண் எங்கே என்று கேளுங்கள். அறிக்கையில் அது இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள், தகவல் உரிமைச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது.